பதினான்காம் விதிக்கு நான்காம் திருத்தம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், செல்லங்களே. ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு பாறையை எறிந்துவிட்டு அதை நிறுத்தத் தெரியாமல் தவித்த ஒரு மனிதனின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள்.

லைல் ஹாகன் சமையலறையில் நின்றபடி ஒரு கடிதத்தை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பட்டாணி சூப் பொங்கி வழிந்தது.

"லைல்! சூப்!" என்றாள் அவன் மனைவி மார்லிஸ்.

"ம்."

"ம் இல்ல. அடுப்பை அணை. அப்படி என்ன எழுதியிருக்கு அதுல?"

"ஒரே ஒரு வரி," என்றான் லைல். "பக்கத்து ஊரு பெல் லேக்ல இருந்து. வி. தோர்சனாம். தபால் பெட்டி பத்தொன்பது."

மார்லிஸ் வாங்கிப் பார்த்தாள். தையல் போட்டது போல ஒரே அளவான எழுத்து. 'பதினான்காம் விதியின்படி, எறிந்த பாறை எதன்மீதாவது மோதும்வரை நேர்கோட்டில் செல்லும். எதன்மீதும் மோதாவிட்டால்?'

"நல்ல கேள்வியாத்தானே இருக்கு," என்றாள்.

"நல்ல கேள்விங்கிறதாலதான் பயமா இருக்கு!"

லைல் பயந்ததில் நியாயம் இருந்தது. பகலில் அவன் எங்கள் வட்டாரச் சாலைகளில் 'மெதுவாகச் செல்க' பலகை நடுகிறவன். இருபது வருடமாக நடுகிறான். ஒரு வண்டியும் மெதுவாகப் போனதில்லை. ஆனால் வியாழன் மாலைகளில் எல்ம் ரிட்ஜ் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில், அவன் எழுதிய 'இருள்வெளிப் போர்' என்ற விளையாட்டை முப்பது பேர் ஆடினார்கள். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டம் போட்ட அட்டைதான் விண்வெளி. சின்ன அட்டைத் துண்டுகள்தான் போர்க்கப்பல்கள். அங்கே அவன் எழுதிய வார்த்தைக்கு முப்பது பேரும் கட்டுப்பட்டார்கள். ஒரு கப்பல் மூன்று கட்டம்தான் நகரலாம் என்று அவன் எழுதினால், வளர்ந்த ஆண்கள் மூன்று கட்டத்தோடு நின்றார்கள். உலகத்தில் வேறு எங்கேயும் லைலுக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை.

அந்த விளையாட்டின் பதினான்காம் விதிதான் பாறை எறிவான். குறுங்கோள் ஒன்றைப் பக்கத்துக் கட்டத்திலிருந்து பிடித்து, எதிரியின்மேல் வீசுகிற கருவி. எல்லாருக்கும் பிடித்த ஆயுதம். எல்லாச் சண்டைக்கும் காரணமும் அதுதான்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டையில்லை. போன வருடப் போட்டியின்போது மேலே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பாஸ்டர் நூட்சன் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில், வெப்பக் காற்று வருகிற குழாய் வழியாகக் கீழேயிருந்து ஒரு குரல் ஏறிவந்தது: "ஒருத்தனையும் உயிரோட விடாதே! எல்லாரையும் பொசுக்கு!"

அதிலிருந்து பாஸ்டர் லைலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாயையும் ஒருமுறை பார்ப்பார். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"லைல், இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை உங்க போட்டி. அதே நாள் மேல ரெண்டு மணிக்கு ஆஸ்ட்பி தம்பதியோட கல்யாணப் பொன்விழா ஆராதனை. ஒரு கத்தல் கேட்டுச்சு, ஒண்ணே ஒண்ணு, அதோட உங்க சங்கத்துக்கு இந்தக் கூடம் கிடையாது. தையல் சங்கத்துப் பெண்கள் சனிக்கிழமை முழுக்க வேணும்னு ஒரு வருஷமாக் கேக்கறாங்க."

"சனிக்கிழமை முழுக்கவா? ஒரு போர்வை தைக்க எவ்வளவு நேரம் ஆகும் பாஸ்டர்?"

"ஏதோ பெரிய வேலை எடுத்திருக்காங்களாம். நான் கேக்கல. கேட்டா எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுத்துருவாங்க."

ஆகவே லைல் முடிவு செய்திருந்தான்: இந்த முறை விதிகளில் ஓட்டை இருக்கக் கூடாது. ஓட்டை இல்லையென்றால் வாக்குவாதம் இல்லை. வாக்குவாதம் இல்லையென்றால் கத்தல் இல்லை. அப்படி நினைத்து மூன்று நாள் ஆவதற்குள் இந்தக் கடிதம்.

பதில் எழுதாமல் விடவும் முடியாது. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவனே போட்டிருந்தான்: 'ஐயங்கள் தபாலில் மட்டுமே. தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை இணைக்கவும். நேரில் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.' மளிகைக் கடையிலும் பல் மருத்துவரிடமும் அவனை மறித்து ஏவுகணையைப் பற்றிக் கேட்டவர்களால் வந்த விதி அது. தோர்சன் உறை வைத்திருந்தார். தபால்தலையும் நேராக ஒட்டியிருந்தது.

"ஓய்வு பெற்ற வக்கீலா இருப்பான்," என்றான் லைல். "இல்லன்னா கடற்படை. கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, எங்கடா ஓட்டைன்னு தேடற ஆளு."

"சூப்பைக் குடி," என்றாள் மார்லிஸ்.

வியாழக்கிழமை லைல் ஒரு தவறு செய்தான். அந்தக் கேள்வியைக் கூடத்தில் சத்தமாக வாசித்துவிட்டான்.

டுவேன் மெதுவாகச் சிரித்தான். டுவேன் தீவனக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். குரலும் மூட்டை மாதிரியே கனமாக விழும்.

"அப்போ என் பாறை நிக்காது," என்றான். "அட்டை முடிஞ்சாலும் நிக்காது. மோதற வரைக்கும் போகும்னு நீதானே எழுதியிருக்கே?"

அவன் தன் பாறையை — பாறையென்றால் வேர்க்கடலை, சங்கத்தில் குறுங்கோள்களுக்கு அப்போது வேர்க்கடலைதான் — அட்டை விளிம்பிலிருந்து எடுத்தான். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டினான். பக்கத்து மேசையில் ரோலண்டின் தாய்க்கப்பல்மேல் டொக்கென்று வைத்தான்.

"செத்தே நீ."

ரோலண்ட் எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர். மெலிந்த ஆள், எதையும் இரண்டு முறை எண்ணுகிறவர். எழுந்து நின்றார். "டேய், நான் ஒன்கூட ஆடவே இல்லடா! இது வேற போர்!"

"போர் வேறயா இருக்கலாம். வானம் ஒண்ணுதானே?"

"லைல், இவனுக்குச் சொல்லு!"

"கத்தாதீங்க," என்றான் லைல், குழாயைப் பார்த்துக்கொண்டே. "யாரும் கத்தாதீங்க. நான் எழுதறேன்."

அன்றைக்கே முதல் திருத்தம் பிறந்தது. 'அட்டையின் ஒரு விளிம்பைத் தாண்டும் பாறை, எதிர் விளிம்பிலிருந்து உள்ளே வரும்.' சர்ச் அலுவலகத்துச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் முப்பத்தைந்து பிரதி எடுத்தான். சங்கத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும்: விதிப்புத்தகம் கோத்துப் பிரிக்கிற கோப்பு. புதுத் தாள் வந்தால் பழைய தாளை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். இரண்டு தாள் இருந்தால் இரண்டு நியாயம் ஆகிவிடும் என்று லைல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கிழித்தார்கள். ஒரு பிரதி பெல் லேக்குக்கும் போனது.

செவ்வாய்க்கிழமை பெல் லேக்கிலிருந்து பதில் வந்தது.

'திருத்தத்துக்கு நன்றி. சுற்றிச் சுற்றி வரும் பாறையை வேறொரு கப்பலின் எறிவான் பிடிக்கலாமா?'

"பிடிச்சுத் தொலை!" என்றான் லைல், கடிதத்தைப் பார்த்து.

"கடிதத்துக்கிட்ட ஏன் கோவிச்சுக்கறே?" என்றாள் மார்லிஸ். "மரியாதையாத்தான் கேக்கறாங்க."

"மரியாதையாக் கேக்கறவங்கதான் மார்லிஸ் ஆபத்து. டுவேன் மாதிரி ஆளை உக்காருன்னு சொல்லலாம். இந்த ஆளை என்ன சொல்றது?"

'பிடிக்கலாம்' என்று இரண்டாம் திருத்தம் போட்டான். அவசரத்தில் போட்டான்.

அந்த வியாழக்கிழமை கூடத்தில் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் பத்துப் பன்னிரண்டு வேர்க்கடலைகள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றையும் கையால் நகர்த்த வேண்டும். ஒரு கப்பல் ஒரு தடவை சுடுவதற்குள் காபி ஆறிப்போனது. டுவேன் குறி தவறி எறிந்த பாறை, உலகத்தைச் சுற்றி வந்து டுவேனின் முதுகிலேயே விழுந்தது.

கடைசி மேசையில் டுவேனும் ரோலண்டும் ஒரே பாறையைப் பிடித்துப் பிடித்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

"பிடிச்சேன். எறிஞ்சேன்."

"பிடிச்சேன். எறிஞ்சேன்."

"எவ்வளவு நேரமா இது நடக்குது?" என்று கேட்டான் லைல்.

"ஒன்றரை மணி நேரம்," என்றார் ரோலண்ட், கண்ணை எடுக்காமல். "நான் நிறுத்தினா நான் செத்தேன்."

"எனக்குக் கழிப்பறைக்குப் போகணும்," என்றான் டுவேன். குரல் உயர்ந்துகொண்டிருந்தது. "ஆனா இவன் எறிஞ்சுடுவான்!"

"போயேன்! யாரு தடுத்தா?"

"நீ எறிவே!"

"எறிவேன்தான்!"

"மெதுவா! மெதுவா!" என்று லைல் இரண்டு பேர் வாயையும் பொத்தாத குறை.

அப்போது கூடத்தின் மூலையில் தையல் சங்கத்து வெர்னா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். குள்ளமான, சத்தமே இல்லாத பெண்மணி. வியாழக்கிழமைதோறும் காபி அவள் முறை. எத்தனையோ வருடமாக ஊற்றுகிறாள், யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. அவள் அந்தப் பாறை போய் வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே கெண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் திருத்தம்: 'எறிந்த பாறையை அந்தச் சுற்றின் முடிவில் அட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.' பழைய தாள்கள் கிழிந்தன. புதுத் தாள்கள் ஏறின. லைல் அந்த வார இறுதியில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கூடப் பாடினான்.

செவ்வாய்க்கிழமை தபால் வந்தது.

'எடுத்த பாறை யாருக்குச் சொந்தம்?'

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று கத்தினான் லைல். "கல்லு! அது வெறும் கல்லு! யாருக்கு வேணும் அது?" அதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதி அனுப்பினான்: 'யாருக்கும் சொந்தமில்லை.'

வியாழக்கிழமை முதல் ஆட்டம் தொடங்கி கால் மணி நேரத்தில் ரோலண்ட் அலறினார். "அவன் என் பாறையைத் தின்னுட்டான்!"

"எடுக்கணும்னு எழுதியிருக்கு, எடுத்தேன்," என்றான் டுவேன், மென்றுகொண்டே. "எங்க வைக்கணும்னு எழுதல. யாருக்கும் சொந்தமில்லன்னு லைலே சொன்னான்."

"நீ எறிஞ்சதைத் தின்னா சரி! நான் இன்னும் எறியாததையும் சேர்த்துத் தின்னே!"

"உப்புக் கடலைப்பா. கை நிக்கல."

"அதுதான்டா என் குண்டு! ஒரே குண்டு!"

முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தின்ற பாறை அழிந்த பாறையா? தின்றவன் கப்பலுக்கு அது சரக்காகச் சேருமா? லைல் நாற்காலிமேல் ஏறி, இரண்டு கையையும் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினான், மாவு பிசைகிறவன் மாதிரி. மேலே பாஸ்டரின் காலடி ஓசை நடந்து வந்து, குழாய்க்கு நேரே நின்றது. எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். காலடி நகர்ந்து போனது.

"இன்னும் ரெண்டு நாள்," என்றான் லைல் கிசுகிசுப்பாக. "தயவுசெஞ்சு. இந்தக் கூடம் போச்சுன்னா நாம எங்க போவோம்? என் வீட்டுக் கார் கொட்டகையில நாலு பேரு நிக்கலாம்."

டுவேன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை லைல் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பதினான்காம் விதியின் தாளை அடித்துத் திருத்தாமல், தலைப்பிலிருந்து கடைசி வரை புதிதாகத் தட்டச்சு செய்தான். முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம், மூன்றாம் திருத்தம், அதற்கும் மேலே நான்காம் திருத்தம்: 'குறுங்கோள்களை உண்ணலாகாது.' ஒரே பக்கத்தில் எல்லாம் அடங்க வேண்டுமென்று வரிகளை நெருக்கி நெருக்கி அடித்தான். முப்பத்தைந்து பிரதி. எல்லார் வீட்டுக்கும் காரில் போய்க் கையில் கொடுத்து, பழைய தாளைக் கண்ணெதிரே கிழிக்க வைத்தான். பெல் லேக்குக்கும் ஒன்று அனுப்பினான், சாபத்தோடு.

இனி தின்ன முடியாத பாறை வேண்டும். சர்ச் பின்கட்டில் தையல் சங்கத்து ஆர்டிஸ் மோன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் லைலுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவர். அவர் முன்னால் போனால் லைலுக்கு இன்றைக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"மிஸஸ் மோன், பழைய பொத்தான் கொஞ்சம் கிடைக்குமா? நாளைக்கு மட்டும்."

"விளையாட்டுக்கா?"

"ஆமா."

"மேசைக்குப் பன்னிரண்டு போதுமா, இல்ல ரெண்டு எறிவான் கப்பல் இருக்கற மேசைக்குப் பதினாறா?"

"பன்னிரண்டு போதும்," என்றான் லைல். அவன் மனம் எங்கேயோ இருந்தது.

"சாம்பல் நிறப் பொத்தானெல்லாம் எங்க போர்வைக்கே சரியாப் போச்சு. பழுப்புதான் இருக்கு. எடுத்துக்கோ."

லைல் அந்தப் போர்வையைப் பார்த்தான். மடித்து வைத்திருந்தது. கன்னங்கரேலென்று அறுகோணத் துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தவை. இங்கேயும் அங்கேயும் ஒரு சாம்பல் பொத்தான்.

"ரொம்ப இருட்டா இல்ல?" என்றான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தூரத்துல இருந்து பாரு, நல்லா இருக்கும்," என்றார் ஆர்டிஸ். "நாளைக்கு ரெண்டு மணிக்குக் கொஞ்சம் பாத்துக்கோ லைல். எங்களுக்கும் அந்தக் கூடம் வேணும்தான். ஆனா நீ இப்படி இளைச்சுப் போய் அதைக் குடுக்கணும்னு நாங்க நினைக்கல."

சனிக்கிழமை வந்தது. அப்படி ஒரு போரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாரையும் காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டான் லைல். முப்பது ஆண்கள் காலுறையோடு நடந்தார்கள். பகடையை உருட்டும்போது சத்தம் வரக் கூடாதென்று மேசைக்கு மேசை மார்லிஸின் துண்டுகள். எல்லாரும் கிசுகிசுத்தார்கள்.

"மன்னிச்சுக்கோ, உன் இடது இயந்திரம் போச்சு."

"பரவால்ல. எத்தனை பேர் செத்தாங்க?"

"எல்லாரும்."

"சரி, சரி. நன்றி."

மத்தியானம் வரை ஒரு சிக்கலும் இல்லை. லைல் மேசை மேசையாக, கொதிக்கிற பாலைப் பார்க்கிறவன் மாதிரி சுற்றினான். உட்காரவே இல்லை. ஒன்றரை மணிக்கு இறுதி ஆட்டம்: டுவேனும் ரோலண்டும். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். மேலே இரண்டு மணிக்கு ஆர்கன் ஒலித்தது. ஆஸ்ட்பி தம்பதி கைகோத்து உள்ளே போகிற மெல்லிய காலடிகள் தலைக்கு மேலே கேட்டன.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு டுவேன் பாறையை எடுத்தான். பிடித்தான். குறி பார்த்தான். பழுப்புப் பொத்தான் நாலு கட்டம் நேராகப் போய், ரோலண்டின் தாய்க்கப்பல்மேல் ஏறி உட்கார்ந்தது. எந்தத் தவறும் இல்லாத எறி. டுவேனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஜெயிச்சேன்," என்று கிசுகிசுத்தான்.

"எவ்வளவு சேதம்?" என்று கிசுகிசுத்தார் ரோலண்ட்.

"பாரு. பதினாலாம் விதி."

ரோலண்ட் தாளைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "சேதம்னு ஒண்ணும் போடல."

"என்னது?"

"பிடிக்கலாம்னு இருக்கு. எறியலாம்னு இருக்கு. சுத்தி வரும்னு இருக்கு. எடுக்கணும்னு இருக்கு. தின்னக் கூடாதுன்னு இருக்கு. மோதினா என்ன ஆகும்னு இல்லவே இல்ல."

முப்பது கோப்புகள் ஒரே நேரத்தில் திறந்தன. முப்பது விரல்கள் ஒரே பக்கத்தில் இறங்கின. வரிகளை நெருக்கி அடித்த அவசரத்தில் அந்த ஒரு வரியை லைல் விட்டிருந்தான்.

"பழைய தாள்ல இருந்துச்சே!" என்றான் டுவேன். கிசுகிசுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலாகிக்கொண்டிருந்தது.

"பழைய தாள் எங்க?"

"கிழிச்சாச்சு. இவன்தானே நின்னு கிழிக்க வெச்சான்!"

எல்லாரும் லைலைப் பார்த்தார்கள்.

"இருபது புள்ளி," என்றான் லைல். "எனக்கு ஞாபகம் இருக்கு. இருபது."

"தாள்ல இல்லாதது விதி இல்லன்னு சொன்னது யாரு?" என்றார் ரோலண்ட். "நீ. பதினேழு வருஷமா நீ. தாள்ல இருக்கறபடி பாத்தா, பாறை என் கப்பல்மேல வந்து உக்காந்திருக்கு. விருந்தாளி மாதிரி. உக்காந்துட்டுப் போகட்டுமே."

"விருந்தாளியா?" என்றான் டுவேன்.

"ஒரு கீறல்கூட விழலன்னுதானே அர்த்தம்?"

"லைல், சொல்லு இவன்கிட்ட!"

"தாள்படி சொல்லு லைல்!"

"மலை அளவு கல்லுடா அது!"

"எங்க எழுதியிருக்கு மலை அளவுன்னு?"

மூன்று வாரம். நாலு திருத்தம். மூன்று கடிதம். நெருக்கி நெருக்கி அடித்த வரிகள். எல்லாம் சேர்ந்து லைலின் நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த ஒன்று, கடைசியில் எதன்மீதோ மோதியது.

மேலே பாஸ்டர் நூட்சன் முதிய தம்பதியின் கைகளைச் சேர்த்துப் பிடித்து, "ஐம்பது வருஷம் தாங்கின இந்தப் பந்தம் இனிமே என்ன ஆகும்னு கேட்டா..." என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் குழாய் வழியாக ஏறிவந்தது, கூடத்தில் யாரும் கேட்டிராத லைலின் முழுக்குரல்:

"உடையும்! சுக்குநூறா உடையும்! கல்லு மோதினா எதுவா இருந்தாலும் உடையும்டா!"

கீழே பொத்தான் விழுந்தால் கேட்கும் அமைதி. மேலே அதைவிட அமைதி. பிறகு காது மந்தமான ஹெல்மர் ஆஸ்ட்பியின் குரல் குழாய் வழியாக இறங்கிவந்தது: "யாரது? என் மாமியார்கூடக் கல்யாணத்தன்னிக்கு இதையேதான் சொன்னாங்க!"

மேலே சிரிப்பு வெடித்தது. கீழே யாரும் சிரிக்கவில்லை. லைல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், அன்றைக்கு முதல் தடவையாக.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் படியிறங்கி வந்தார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் சொன்னது சொன்னதுதான், லைல்."

"தெரியும் பாஸ்டர்."

"இன்னியிலருந்து சனிக்கிழமை தையல் சங்கத்துக்கு. வியாழக்கிழமையும் அவங்க விருப்பப்பட்டாத்தான்."

"நியாயம்தான்," என்றான் லைல். "விதின்னா விதி."

டுவேன் வந்து அவன் தோளில் கை வைத்தான். "ரோலண்டோட கப்பல் வேணும்னா பொழைச்சுட்டுப் போகட்டும் லைல்," என்றான். ரோலண்ட், "வேண்டாம் வேண்டாம், செத்ததாவே வெச்சுக்கலாம்," என்றார். ஒரு பிரயோசனமும் இல்லாத சமயத்தில்தான் இரண்டு பேருக்கும் பெருந்தன்மை வந்தது.

லைல் அட்டைகளை மடிக்கத் தொடங்கினான். பதினேழு வருடத்து மடிப்புகள், தானாகவே மடிந்தன. துண்டுகளைச் சுருட்டினான். பொத்தான்களை எண்ணி டப்பாவில் போட்டான். அப்போது பொன்விழா கேக்கின் சர்க்கரை கையில் ஒட்டியபடியே, தையல் சங்கத்துப் பெண்கள் பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள். ஆர்டிஸின் தோளில் அந்தக் கறுப்புப் போர்வை.

"எல்லா மேசையையும் மடிக்காதே லைல்," என்றார் ஆர்டிஸ். "பெரிய மேசை எங்களுக்கு வேணும்."

"இப்பவேவா மிஸஸ் மோன்?"

"ஒரு வருஷமாக் காத்திருக்கோம். இன்னும் எதுக்கு?"

நாலு பெண்கள் நாலு மூலையைப் பிடித்து உதறி, போர்வையை மேசைமேல் விரித்தார்கள். அது மேசையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அளவெடுத்தது போல உட்கார்ந்தது. லைல் ஒதுங்கி நின்றான். மாடிப்படி அருகிலிருந்து, தூரத்திலிருந்து பார்த்தபோது, அது உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

காபி ஊற்றுகிற வெர்னா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் கையில் வைத்தாள். பதினான்காம் விதி. திருத்தம் எதுவும் ஏறாத முதல் தாள். அடியில் அந்த வரி இருந்தது: 'மோதினால் இருபது புள்ளி சேதம்.'

"இது... இதை எல்லாரும் கிழிச்சாச்சே," என்றான் லைல். "உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

வெர்னா ஏப்ரன் பைக்குள் மறுபடியும் கையை விட்டு, அட்டையில் வெட்டிய ஆறு போர்க்கப்பல்களை எடுத்து, கறுப்பு அறுகோணங்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு அந்த ஊரில் யாரும் கேட்டிராத, மிக மெல்லிய குரலில் சொன்னாள்:

"கூடத்துல மிச்சம் கிடந்த விதிப்புத்தகம் ஒண்ணை நாங்க எடுத்து வெச்சிருக்கோம், நேர்ல கேட்டா பதில் கிடையாதுன்னு நீதானே முதல் பக்கத்துல போட்டிருக்கே, அதான் பெல் லேக்ல பெட்டி எடுத்துத் தபால்ல கேட்டேன், இப்போ கூடமும் கிடைச்சுது, விதியும் முழுசா இருக்கு, மெதுவாப் பேசத் தெரிஞ்ச எதிராளிங்கதான் வேணும், உங்க ஆளுங்க முப்பது பேரும் அடுத்த சனிக்கிழமை சும்மாத்தானே இருப்பாங்க?"

உங்கள் வீட்டு மேசையைச் சுற்றி எப்போதும் ஒரு நாற்காலி கூடுதலாக இருக்கட்டும், செல்லங்களே. உங்கள் வீட்டில் யாராவது கோபத்தில் எறிகிற சொல், ஒருவர்மீதும் மோதாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சிரிப்பாகத் திரும்பி வரட்டும்.